தம்பிக்கு வாங்கிய சுங்கான்

என் ராசா, இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுத என் தம்பி ராமையாவுக்கு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காமல் வேறு எதையும் நீ காதில் வாங்க மாட்டாய்.

பேரன் மணியம் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து, கோலாலம்பூர் மராமத்து இலாகாவில் உத்தியோகம் ஏறிவிட்டான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் ஒரு துரை கப்பலேறிப் போனாராம். அவர் இருந்த அறையில் இப்போது என் பேரன் உட்காருகிறான். அதே நாற்காலியா என்று எழுதிக் கேட்டேன். "இல்லை பாட்டி, ஜன்னலோர மேசை" என்று பதில் போட்டான். இருக்கட்டும், அறை அதேதான். பேத்தி சரோஜா பினாங்கு ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி. வெள்ளைத் தொப்பி கொடுத்துவிட்டார்கள். கடைக்குட்டி தேவன் தமிழ்ப் பள்ளியில் கணக்கில் முதல். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை அவன் வாய்ப்பாட்டில் மடக்குகிறான். பேரனிடம் தோற்பது எவ்வளவு இன்பம் தெரியுமா?

இவ்வளவும் சொன்னால் மனம் கொஞ்சம் நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை, தம்பி. கை ஒரு வேலையில் நிலைக்க மாட்டேன் என்கிறது. அரிசியைக் களையப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். வாசலில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன்.

அடுத்த மாதம் உன் வருஷப் படையல். ஆட்டுக்கறி, வடை, உனக்குப் பிடித்த ஸ்டவுட் பீர், இதற்கெல்லாம் கவலையில்லை. கவலை நீ புகை பிடிக்கிற சுங்கானைப் பற்றித்தான். பைப் என்று நீ சொல்வாய், சுங்கான் என்று நான் சொல்வேன், அதற்கே ஒரு சண்டை நடக்கும். அது இல்லாத இலை உன் இலையா?

பழையது உன்னோடு போய்விட்டது. உன்னைத் தூக்குவதற்கு முன்னால் என் மூத்தவன் சிவலிங்கம் அதை உன் சட்டைப் பையில் வைத்தான். "மாமா கேப்பாரும்மா" என்றான். பிரையர் கட்டை, நெருப்புக்கு அசையாத வேர் என்று நீ பீற்றிக்கொள்வாயே. எரிந்ததா, அசையாமல் கிடந்ததா என்று நான் அவனைக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அது உன்னுடையது இல்லை. கம்பெனி துரை புதிது வாங்கினபோது பழையதைத் தன் கணக்கெழுதும் கிராணியான உன்னிடம் தள்ளிவிட்டார். கறுப்புக் காம்பில் அவருடைய பல் பதிந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உன் பல்லை வைத்து வருஷக்கணக்காகக் கடித்தாய். மலாக்காக் கடைத்தெருவுக்கு என்னோடு வரும்போதெல்லாம் சுங்கான் விற்கும் முஸ்லிம் நானா கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பாய். "வாங்கேண்டா" என்றால், "பாக்குறதுக்கு என்னக்கா காசு? மணியத்துக்குப் பீஸ் கட்டணும், வா" என்று நடப்பாய்.

அதனால்தான் முடிவு செய்தேன். எவன் வாயும் படாத புதுச் சுங்கான், நல்லதாக ஒன்று, உன் இலைக்கு முன்னால் இருக்க வேண்டும்.

சிவலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "போனவருக்கு எதுக்கும்மா அவ்வளவு விலையில? சந்தையில சும்மா மரப் பைப் கிடைக்குது. பேருக்குப் படைச்சா போதாதா?"

"பேருக்கு உனக்குச் சோறு போடவா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சா ரிக்‌ஷா ஏறிக் கடைக்குப் போனேன். பேச்சாக்காரன் மெதுவாக மிதித்தான். இறங்கி நடந்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

நானாவின் கண்ணாடிப் பெட்டியில் பாதி காலி. துரைமார்கள் ஊருக்குப் போகிறார்கள், இனி யார் வாங்குவார்கள் என்று விலையைக் குறைத்திருக்கிறார். விலை குறைந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், உனக்குத் தெரியுமே. உள்ளதிலேயே பளபளவென்று மினுங்கினதைக் காட்டி, இதைக் கொடுங்கள் என்றேன்.

"அது வேணாங்கா," என்றார் நானா. "மினுக்கு. கட்டையில குழி இருந்தா மக்கு வச்சு அடைச்சு மேல சாயம் பூசிடுவான். சூடு ஏறினா மக்கு தெறிச்சு விழுந்துடும்."

"அப்புறம் எதுக்கு நானா விக்கிறீங்க?"

"அதையே கேட்டு வாங்குறவங்க இருக்காங்களே."

என்னைத்தான் சொன்னார். நானும் விடவில்லை. சாயம் பூசாததாகக் கேட்டு, ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் வரி ஓடி, மறுபக்கம் மொட்டையாக இருந்தது. ஒன்றில் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள். கடைசியில் ஒன்று, தம்பி, அடியிலிருந்து வாய் வரைக்கும் எண்ணெய் வைத்து வாரின தலைமுடி மாதிரி வரி வரியாக மேலே ஏறியிருந்தது. அதைக் கையில் எடுத்தால் கனமே இல்லை. கனமாக இருந்தால்தானே நல்ல சாமான் என்று நினைத்தேன். அம்மிக்கல் வாங்கின புத்தி எங்கே போகும்?

"வாயில தொங்குற சாமான்கா," என்றார் நானா. "கனமா இருந்தா பல்லு ஆடிப்போகும்."

நீ சொன்னதெல்லாம் அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. புகை வரும் துளை புகையிலைக் கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில் வந்து விழ வேண்டும், கொஞ்சம் மேலே ஏறினாலும் அடியில் ஈரம் தங்கி நாறும் என்பாயே. கம்பியை விட்டுப் பார்த்தேன், முட்டாமல் அடியில் வந்து எட்டிப் பார்த்தது. கிண்ணத்துக்குள் விரல் விட்டுச் சுவரைத் தடவினேன், சுற்றிலும் ஒரே பருமன். காம்பைக் கழற்றி மாட்டினேன். கட்டைக்கும் காம்புக்கும் நடுவே நகம் நுழையவில்லை. அந்தக் கறுப்புக் காம்பும் ரப்பர்தானாம். நம் பால்மரத்து ரப்பர் சீமைக்குப் போய்க் கறுத்துத் திரும்பி வந்திருக்கிறது.

"இப்ப வெறும் பைப்ப ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க," என்றார். "காத்து தாராளமா வந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

"வாய் வைக்கக் கூடாது நானா. படையலுக்கு."

"அப்ப நான் இழுத்துப் பாக்கவா?"

"அதுக்கு நானே பார்த்துடலாமே!" என்றேன். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். இழுத்துப் பார்க்காமலே காசைக் கொடுத்தேன். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல சேலை வரும். சேலை கிடக்கட்டும்.

காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போதுதான் மனுஷன் வாயைத் திறந்தார். "புதுசு கசக்கும்கா. பாதிப் பாதியாப் போட்டுப் பிடிச்சுப் பழக்கணும். உள்ளுக்குக் கரி ஏறின பொறவுதான் ருசி. ஒரு மாசம்னு வச்சுக்குங்க."

இதை நீ ஏன் சொல்லவில்லை? துரை பழக்கிக் கொடுத்ததை வாங்கினவன், உனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து மருமகள் பவானியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எச்சில் பட்டதப் படைக்கிறதா? நல்லா இருக்கு அத்தை! படையல் சமையலுக்கு உப்புக் கூட நாக்குல வச்சுப் பாக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கையளவில் உப்புப் போடுவேன், நாக்கில் வைக்க மாட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு படையலிலும் உப்புப் பிசகினதில்லை. ஆனால் சுங்கானைக் கையளவில் பழக்க முடியுமா?

"போனவருக்கு நாக்கு ஏதும்மா, கசக்கிறதுக்கு?" என்றான் சிவலிங்கம், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"அப்போ வடை எதுக்குடா சுடுறோம்?"

அவன் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். அவன் சொன்னது ஒருவேளை நிஜமாக இருந்தால்?

அன்று முழுவதும் பொட்டலத்தை உன் படத்துக்கு முன்னால் வைப்பேன், எடுத்து அலமாரியில் வைப்பேன், மறுபடி எடுத்து முற்றத்து வெயிலில் மக்கு தெரிகிறதா என்று பார்ப்பேன். பவானி, "கோழி அடைகாக்குற மாதிரி சுத்துறீங்களே, உக்காருங்க அத்தை" என்றாள். எப்படி உட்கார? வாய் படாமல் வைத்தால் சுத்தம், ஆனால் உனக்குக் கசக்கும். பழக்கி வைத்தால் ருசி, ஆனால் எச்சில். நீ வந்து ஒரு இழுப்பு இழுத்து, முகத்தைச் சுளித்து, துரையின் பழையதே தேவலை என்று போய்விட்டால்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் தள்ளினதைக் கடித்தவனுக்கு, முதல் முதலாகச் சொந்தமாக வந்தது கசப்பாகவா இருக்க வேண்டும்?

மறுநாள் காலையில் தேவனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். சூடு பார்க்க ஒரு வாய் எடுத்து உதட்டில் வைத்தேன். வைத்த வாய் அப்படியே நின்றது.

நீ தவழ்கிறபோது அம்மா போய்விட்டாள். நமக்கு இருந்தது ஒரே தகரத் தட்டு. கஞ்சியை என் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துத்தானே உன் வாயில் விட்டேன்? கறி கிடைத்த நாளில் எலும்பை நான் கடித்து உடைத்து, உள்ளே இருப்பதை உறிஞ்ச உன்னிடம் கொடுப்பேன். உனக்குப் பல் முளைக்கிற வரைக்கும் என் பல்லால்தானே தின்றாய்? துரையின் எச்சில் உனக்கு ஆகாமல் போகவில்லை. உன் அக்காவின் எச்சில் மட்டும் என்றைக்கடா உனக்குத் தீட்டாகியது?

பவானியைக் கூப்பிட்டேன். "நெருப்புப் பெட்டி எடு."

"அத்தை, நீங்களா?"

"வேற யாரு? என்னைத் தவிர எவன் வாய் வைத்தாலும் அது எச்சில்."

கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பலகை போட்டு உட்கார்ந்தேன். நீ செய்வது போலவே புகையிலையை அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் அழுத்தி, பாதிக் கிண்ணம் போட்டேன். முதல் இழுப்பு! கருகின வெந்தயத்தை மென்ற மாதிரி. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். இருமுகிற இருமலில் கோழிகள் ஓடின. பவானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். "அத்தை, காது வழியா வரப்போகுது!"

வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ் மறந்த மலாக்காச் செட்டி வீட்டுக் கிழவி, என்ன கருகுகிறது என்று மலாயில் கேட்டாள். தம்பிக்குச் சமைக்கிறேன் என்று மலாயில் சொன்னேன். அவளும் தன் வீட்டில் போனவர்களுக்குப் படைக்கிறவள்தான். "அடுப்பைக் குறை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இழுப்பு நன்றாக இருக்கிறது, தம்பி. முட்டவில்லை, காற்று தாராளமாக வருகிறது. கிண்ணம் கையைச் சுடவில்லை. ஒரு நாள் உள்ளே படக்கென்று சத்தம் கேட்டது. மக்குதான் தெறித்தது, ஏமாந்தேன் என்று கவிழ்த்துத் தட்டினேன். புகையிலைக் காம்பு. நல்ல கட்டை என்று கை சொல்கிறது, மனம் நம்ப மாட்டேன் என்கிறது. தினமும் சாயங்காலம் பாதிக் கிண்ணம். நேற்றுக் கொஞ்சம் கசப்புக் குறைந்தது போல இருந்தது. நிஜமாகவே குறைந்ததா, என் நாக்கு மரத்துவிட்டதா? யாரைக் கேட்பேன்?

வருஷ நினைவுக்குப் பத்திரிகையில் நாலு வரி போடலாம் என்று சிவலிங்கம் சொன்னான். நாலு வரியில் உன்னிடம் எனக்கு என்ன பேச முடியும்? அதனால்தான் இந்தக் கடிதத்தையே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊரும் படிக்கட்டும், அக்கா புகை பிடிக்கிறாள் என்று சிரிக்கட்டும். உனக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். படையலன்றைக்குள் இந்தச் சுங்கானில் உள்ள கசப்பு முழுவதையும் நான் குடித்து முடித்துவிடுவேன். உனக்கு ருசி மட்டும்தான் மிச்சமிருக்கும்.

படைத்த பிறகு என்ன செய்வது? வடையை நாங்கள் தின்போம். ஸ்டவுட்டைச் சிவலிங்கம் பார்த்துக்கொள்வான். சுங்கானை அலமாரியில் பூட்டினால் அது வெறும் கட்டை. நல்ல பிரையர் ஒரு ஆயுசுக்கு வரும் என்பாய். உன் ஆயுசுக்கு அது வந்து சேரவில்லை. நீ பீஸ் கட்டிப் படிக்க வைத்தவன் ஆயுசுக்கு வரட்டும்.

கொஞ்சம் பொறு தம்பி, அவனிடம் ஒரு வார்த்தை.

மணியம், ராமையா தாத்தாவின் படையல் முடிந்ததும் தபாலில் ஒரு பொட்டலம் வரும். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பிடி. லீவுக்கு வரும்போது என் முன்னால் பற்றவைத்தாயோ, விளக்குமாறு பறக்கும். பெரியவர்கள் முன்னால் புகைக்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. ஆனால் நீ அதைப் பிடிக்கிறாயா, மூலையில் போட்டாயா என்று எனக்குத் தெரிய வேண்டும், தாத்தாவுக்குச் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு ஸ்டூடியோவுக்குப் போ. சுங்கானை வாயில் வைத்து, புகை நன்றாகத் தெரியும்படி, ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. படத்துக்குள்ளே நீ எவ்வளவு புகைத்தாலும் எனக்குக் கோபம் வராது.

உனக்கு மூத்தவளாய்ப் பிறந்த அக்கா,
மீனாட்சி
காஜா பெராங், மலாக்கா