என் கோபத்துக்குக் காளான் டீ

6 ஜனவரி 1994, வியாழன்

இதை இந்த நோட்டில் மட்டும்தான் ஒப்புக்கொள்ள முடியும். இன்று ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் டஸ்டரை எறிந்தேன். பின்வரிசையில் குசுகுசுத்தவளுக்குக் குறி வைத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த தலைமையாசிரியை தையல்நாயகி மேடத்தின் தோளில் போய் விழுந்தது. மாம்பழ மஞ்சளில் பட்டுப்புடவை. அதில் சாக்பீஸ் தூள் நீளச் சதுரமாக, அரசாங்க முத்திரை மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது — எறிந்ததைவிட அதுதான் பெரிய குற்றம்.

அறைக்குக் கூப்பிட்டார். “ஜோதி, ஜூன்ல உதவித் தலைமையாசிரியை இடம் காலியாகுது. சீனியர் நீங்கதான். ஆனா இந்தக் கோபத்தை வச்சுக்கிட்டு உங்க பேரை நான் எப்படி எழுதுறது? மார்ச் வரைக்கும் பார்க்கிறேன்.”

பதினாறு வருஷமாக வராத பொறுமை இரண்டு மாதத்தில் வர வேண்டும்.

7 ஜனவரி

சானடோரியம் பக்கத்து கிளினிக்கில் பிரஷர் பார்த்தேன். 150/100. வீட்டில் டென்ஷனா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் இருந்த என் கணவர் ஜெபசீலன், “டென்ஷன் எனக்குத்தான் சார்” என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு மாத்திரை ஆரம்பிக்கலாமாம்.

10 ஜனவரி, திங்கள்

தமிழ் டீச்சர் தனம் ஸ்டாஃப் ரூமுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பிராணியைக் கொண்டுவந்தாள். சர்க்கரை போட்ட டீ டிக்காஷனில் வேகாத தோசை மாதிரி மிதக்கிறது. காளானாம். ஒரு வாரத்தில் டிக்காஷன் புளித்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர். கோபத்தில் சுரக்கிற ஹார்மோனை எல்லாம் உறிஞ்சிவிடும் என்று அவள் நாத்தனாரிடம் யாரோ சொன்னார்களாம்.

எட்டாம் வகுப்புக்கு அட்ரினல் சுரப்பி நடத்துகிறவள் நான். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லி மார்க் போடுகிறவள். ரத்தத்தில் ஓடுவதை வயிற்றில் கிடப்பது எப்படி உறிஞ்சும் என்று கேட்க வாயெடுத்தேன். உதவித் தலைமையாசிரியையின் நாற்காலி கண்முன் வந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

சட்டதிட்டங்கள் வேறு. உலோகக் கரண்டி படக்கூடாது. ஆட்டக்கூடாது. அதன் எதிரில் சண்டை போடக்கூடாது. அது குட்டி போடும். குட்டியை விற்கக்கூடாது, பத்து நாளுக்குள் யார் தலையிலாவது சும்மா கட்டிவிட வேண்டும்.

பெருக்க வந்த ஆயா கங்கம்மா எட்டிப் பார்த்தாள். கேளம்பாக்கம் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். “இன்னா டீச்சர் இது, சொறி மீனு மாரி கொழகொழன்னு கீது? எங்கப்பா வலைல இது மாட்னா திருப்பிக் கடல்லயே வுட்ருவாரு. நீங்க குடிக்கப் போறீங்களா?”

18 ஜனவரி

பொங்கல் லீவில் புளித்து முடிந்தது. இன்று முதல் டம்ளர். பழைய சோற்று நீராகாரத்தில் பேட்டரி போட்ட ருசி.

குட்டியும் பிறந்துவிட்டது. சமாதானக் காணிக்கையாக ஹெச்.எம்.முக்கே கொடுத்தேன். இன்னொரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் வெள்ளைத் துணி மூடி, ஸ்கூல் பச்சை ரிப்பனில் நானே முடிச்சுப் போட்டு. வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

19 ஜனவரி

ஹெச்.எம். மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போய்விட்டார். ஆறு வாரம் லீவு. மேஜையில் பாட்டில் இல்லை. “பாருங்க, கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க” என்று தனத்துக்குத் தலைகால் புரியவில்லை.

27 ஜனவரி

காளான் சமையலறையில் இருப்பதால் நானும் ஜெபசீலனும் சண்டையைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். அங்கே கொசு. சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

9 பிப்ரவரி

இன்னொரு குட்டி. என் கையில் பையைப் பார்த்தாலே தெருவில் கதவு சாத்துகிறார்கள்.

16 பிப்ரவரி, புதன்

130/84! மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர். காளானைப் பற்றிச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நாலு வாரமாக நான் யாரையும் திட்டவில்லை. ஏழு ‘பி’ பிள்ளைகள் பயந்துபோய், “மிஸ், உடம்பு சரியில்லையா?” என்கிறார்கள். அப்படியானால் என் பாடப்புத்தகம்தான் தப்பா? இருக்கட்டும். நாற்காலி எனக்குத்தான்.

2 மார்ச், புதன்

ஹெச்.எம். திரும்பிவிட்டார். அங்கே தினம் ராத்திரி முழுக்கப் பேரன் அழுதானாம், தூக்கமே இல்லையாம். ஆனாலும் முகம் பத்து வயது குறைந்து பளபளவென்று இருக்கிறது. தனம் எங்கள் இருவரையும் ஸ்டாஃப் ரூம் நடுவில் நிறுத்தி, காளானுக்கு இரண்டு சாட்சிகள் என்று அறிவித்தாள். ஹெச்.எம். என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏதோ ஒண்ணு நல்லா வேலை செஞ்சிருக்கு ஜோதி.”

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் பாடக்குறிப்பைப் புரட்டினார். மார்ஜின் கோடு சிவப்பு மையில் இல்லையாம். நெற்றி நரம்பு தெறித்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து அரை டம்ளர் குடித்தேன். பிறகு ஒரு முழு டம்ளர். பிறகு வெளியே வந்து ஸ்டாஃப் ரூம் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினேன். உள்ளேயிருந்து ஹெச்.எம். இருமினார். அது அவருடைய கோப இருமல். ஆறு வாரமாக நான் கேட்காதது.

போச்சு. மார்ச் வந்தாயிற்று, நாற்காலி போச்சு.

4 மார்ச், வெள்ளி

ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். உதவித் தலைமையாசிரியை இடத்துக்கு அதில் வேறு பெயர். எனக்கு, ஜூனில் தொடங்கும் வண்டலூர் கிளைப் பள்ளியின் முழுப் பொறுப்பு. தனிக் கட்டடம், தனி அறை.

“அங்க எல்லாம் நீங்களே பார்த்துக்கலாம். இங்க அடிக்கடி வர வேண்டியிருக்காது.” கொஞ்சம் நிறுத்தி, “நானும் வர மாட்டேன்” என்றார்.

அழுதுவிட்டேன். எல்லாம் அந்தக் காளான் டீ செய்த நன்மை மேடம், நமக்கு இரண்டு பேருக்கும், என்று உளறினேன். அவர் மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஸ்கூல் முத்திரையை எடுத்துவரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

திறந்தேன். முத்திரைக்குப் பின்னால் ஹார்லிக்ஸ் பாட்டில். காளான் கழுத்துவரை வளர்ந்திருந்தது. நான் போட்ட பச்சை ரிப்பன் முடிச்சு அப்படியே இருந்தது.