மூன்று மாதத்துக்கு ஒரு முறை

டாக்குரியா,
கல்கத்தா,
3.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தலையில் கட்டி எடுத்து ஒரு வருஷமாகியும் சில சொற்கள் நழுவுகின்றன. வாரம் ஒரு கடிதம் கையால் எழுதச் சொல்லிவிட்டார், பேச்சுப் பயிற்சி தரும் கல்பனா தீதி. அகப்பட்டது நீங்கள்தான்.

நேற்று மார்க்கெட்டில் கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தமிழிலும் பேர் வரவில்லை, பெங்காலியிலும் வரவில்லை. கடைக்காரர், “பௌதி, கீ நேபேன்?” என்ன வேண்டும் அண்ணி என்று மூன்று தரம் கேட்டார். விரலால் காட்டி வாங்கி வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. டிசம்பர் ஸ்கேனை உங்கள் பேச்சைக் கேட்டுத் தவறவிட்டேன். இந்த மாதம் பதினெட்டாம் தேதி போகிறேன்.

அன்புத் தங்கை,
விசாலம்

லால்குடி,
10.3.2025

அன்புத் தங்கைக்கு,

சமயபுரத்தில் உனக்காக வெள்ளியில் தலை உருவம் செலுத்தியாகிவிட்டது. வேண்டுதலை முடித்த பிறகும் சோதித்துப் பார்ப்பது அம்மனையே நம்பாதது போல. கத்திரிக்காய் பேர் மறந்ததற்கெல்லாம் ஸ்கேனா? உன் அண்ணி போன வாரம் என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளை எந்த மிஷினில் படுக்க வைப்பது? ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதே.

அண்ணன்,
திருவேங்கடம்

டாக்குரியா,
24.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போய்விட்டு வந்தேன். கோபித்துக்கொள்ளுங்கள், முழுதும் படித்துவிட்டு.

கட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்ன நிழல். திரும்ப வளர்கிறதா, கதிர் சிகிச்சை விட்ட தழும்பா என்று இப்போது சொல்ல முடியாதாம். மே ஐந்தாம் தேதி மறுபடி எடுக்க வேண்டும். டிசம்பரில் எடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். தப்பு உங்களுடையது மட்டுமில்லை. சரி என்று கேட்டுக்கொண்டது நான்.

அம்மன் காப்பாற்றட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நானும் போய்ப் பார்த்துக்கொள்வேன். இனி இதில் உங்களைக் கேட்க மாட்டேன்.

விசாலம்

லால்குடி,
2.4.2025

விசாலம்,

நாலு தாள் கிழித்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். அம்மனைச் சாக்குக்கு இழுத்தேன். போன வருஷம் உன்னை ஸ்கேனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டரின் முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதற்காக உன்னைப் போக விடாமல் தடுத்தேன்.

மே மூன்றாம் தேதி ஹவுரா வந்து சேர்கிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, எனக்கு வழி தெரியும். ஐந்தாம் தேதி அந்தக் கதவுக்கு வெளியே நான்தான் உட்காருவேன்.

திருவேங்கடம்