மலைப்பாம்புக் குட்டி அசையாமல் இருந்த படம்

மச்சான்,

இன்று காலை பிறசர் மருந்து எடுக்கக் கிண்ணியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் இருந்த வாங்குக்கு நேரே சுவரில், சனங்கள் பாம்பைப் பிரித்தறிய நீயும் நானும் செய்த எங்கள் பாம்புப் படம். இடது பக்கம் கண்ணாடி விரியனின் தலை, வலது பக்கம் மலைப்பாம்புக் குட்டியின் தலை. பக்கத்தில் இருந்த வயல்காரர் ஒருவர் மனைவிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்: "இஞ்ச பாரு, இதுட உதட்டுல வரிசையாக் குழி இருக்கு. இதுக்கு விசமில்ல. போன கிழமை வரம்புல வந்தத இந்தப் படத்த நினைச்சித்தான் அடிக்காம விட்டன்."

அந்தக் குழிகள் தெரியவேண்டும் என்றுதானே நீ என் உயிரை வாங்கினாய். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு நேரே சல்லி ஊருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். "பொம்பிளை மாப்பிளையைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு எண்டனியெல்லோ? வா, சிரிக்கச் சொல்லத் தேவையில்லாத ஆக்களைக் காட்டுறன்" என்று நீதான் இழுத்துக்கொண்டு போனாய். உன் தகரக் கொட்டிலில் ஏழெட்டுக் கண்ணாடிப் பெட்டிகள். சனங்கள் பிடித்துத் தந்த, அடிபட்ட பாம்புகள், ஓர் உடும்பு, ஓடு வெடித்த ஆமை. சுகமாக்கித் திரும்பக் காட்டில் விடுவதற்கு நீ அனுமதி எடுத்து வைத்திருந்தாய். முதல் நாள் விரியன் சீறிய சீற்றத்தில் நான் கமராவோடு பின்பக்கமாய் மணலில் விழுந்தேன். அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய், பாவி.

விரியனின் படம் இரண்டாம் நாளே சரிவந்துவிட்டது. குட்டிதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. உழவு மெசின் ஏறிய வயலில் இருந்து வந்த குட்டி, வாலில் காயம். உன்னுடைய முறை ஒன்றே ஒன்று: பாம்பை மணலில் விட்டு, பனையோலைக் கடகத்தால் மூடிவிட்டுக் காத்திருப்பது. இருட்டில் அது சுருண்டு அடங்கும். மெல்லத் தூக்கினால் நாலைந்து நிமிசம் கிடைக்கும். எனக்கு நாலு செக்கனும் கிடைக்கவில்லை. தூக்கியவுடன் ஓடியது. "பொறுடாப்பா, அதுக்கு மனம் வரவேணும்" என்பாய். ஐந்து நாள் பொறுத்தேன்.

ஆறாம் நாள் மூன்று மணிக்கு எனக்கு மாதா கோவிலில் ஒரு கலியாணம். நிலாவெளியில் யாரோ அடுப்படிக்குள் நாகம் என்று கூப்பிட, நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஐஸ் உருகாமல் வைக்கிற உன் தம்பியின் ரெஜிபோம் மீன்பெட்டி கொட்டில் வாசலில் ஐஸோடு இருந்தது. குளிரில் பாம்பு அசையாது என்று எங்கோ வாசித்திருந்தேன். குட்டியைச் சாக்கில் போட்டு, ஐஸுக்கு மேல் வைத்து மூடினேன். அரை மணித்தியாலம். எடுத்து மணலில் வைத்தபோது பிள்ளை சொல்வழி கேட்டது. ஒரு முழத்துக்கும் கிட்டப் போய், செதில் செதிலாய், குழி குழியாய் எடுத்தேன். என் வாழ்நாளில் எடுத்த ஆக நல்ல படம் அதுதான்.

நீ திரும்பி வந்து கமராவில் பார்த்தாய். "என்னடா இது! கடகத்துக்கு அடங்கிட்டுதோ?"

"ஓம் மச்சான். உன்ரை கடகந்தான்" என்றேன்.

"பாத்தியே! நான் சொன்னனான்தானே!" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கலியாணத்துக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டேன்.

அதிலிருந்து நாலாம் நாள் குட்டி வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கியது. வாயில் நுரை. மிருக வைத்தியர் சளி என்று ஊசி போட்டார். இரண்டு கிழமை நெஞ்சோடு துணியில் சுற்றி வைத்திருந்தாய். செத்த அன்று என்னிடம் சொன்னாய்: "மழைக்கு யன்னலைச் சாத்தாமல் விட்டிட்டன். நான்தான் கொன்றுபோட்டன்." நான் உன் தோளில் கைவைத்து, "விடு மச்சான், அதின்ரை காலம்" என்றேன். எவ்வளவு பெரிய கள்ளன் நான்!

அதற்குப் பிறகு புல்மோட்டையில் இருந்து ஒருவர் வாளியில் மூன்று குட்டிகள் கொண்டுவந்தார். நானும் அங்கே நின்றேன். "குட்டியள் எனக்குச் சரிவராது, என்னால ஏலாது" என்று வாளியைத் தொடாமலே அனுப்பினாய். அந்த மனிதர் அவற்றை என்ன செய்தாரோ. நான் வாயைத் திறக்கவில்லை.

உன்னைப் பாம்புதான் கொண்டுபோகும் என்று ஊரே சொன்னது. நீ போன மாரியில் மாரடைப்பில் போனாய்.

இன்று உன் மனைவி வசந்தி முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டு நின்றா. எல்லாவற்றையும் சொன்னேன். அவ பிரட்டுவதை நிறுத்தவில்லை. கடைசி மீனையும் திருப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தா.

"அந்த மனுசன் அதுக்குப் பிறகு ஒரு குட்டியைத் தொடேல்லை, அண்ணை. தங்கச்சியின்ரை குழந்தையைத் தூக்கக்கூடப் பயப்பிட்டது. எனக்குச் சொல்லி என்ன பிரியோசனம்? அவரிட்டைச் சொல்லுங்கோ."

தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்றும் அவ கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவுடன் எழுத இருந்துவிட்டேன்.

மச்சான், யன்னலால் வந்த குளிர் இல்லை. ஐஸில் வைத்தது நான். அந்தக் குட்டி உன் கையில் இருந்ததால்தான் இரண்டு கிழமையாவது உயிரோடு கிடந்தது.