வேப்பனப்பள்ளி வழியாக ஓர் இரண்டாம் பாதை

என் அன்பு மாப்ள சாதிக்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு சங்கதி சொல்கிறேன், சிரிக்காமல் கேள். சூளகிரியில் சர்வீஸ் ரோடு அகலப்படுத்துகிறவர்கள் போன செவ்வாய்க்கிழமை பொக்லைனை இறக்கி நம் இண்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற மெயின் லைன். ஒருத்தர்கூட போன் பண்ணிக் கத்தவில்லை, மாப்ள!

அந்த டிசைன் மீட்டிங் ஞாபகம் இருக்கிறதா? டேட்டாவுக்கு லேபிள் ஒட்டி அனுப்ப எந்த முறையை எடுப்பது என்று அரை நாள் விளக்கினேன். பழைய முறையில், லைன் அறுந்த பிறகுதான் ரவுட்டர்கள் வேறு வழி தேடும். நான் சொன்ன முறையில் மாற்றுப் பாதை முன்கூட்டியே தயாராக இருக்கும், கண் சிமிட்டுவதற்குள் மாறிவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். கேபிள் ரோந்து போகிற நீதான் கடைசி வரிசையிலிருந்து கேட்டாய்.

"அதெல்லாம் சரி மச்சான், ரெண்டு பாதையும் ஒரே பள்ளத்துலதானே போவுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ கேபிளைப் பாரு, டிசைனை நான் பாத்துக்கறேன்" என்றேன், அத்தனை பேர் முன்னால். மறுநாள் நீ என்னை வண்டியில் ஏற்றிப் போய், சூளகிரியில் கேபிள் குழியின் மூடியைத் திறந்து காட்டினாய். என் படத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போன இரண்டு கோடுகளும் உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தன. இத்தனை வருடச் சர்வீஸில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

பிறகு மாற்றுப் பாதையை வேப்பனப்பள்ளி சுற்றிக் கொண்டுபோக நீ பட்ட பாடு! மாந்தோப்புக்காரர்களிடம் தெலுங்கில் பேசிப் பேசியே சம்மதம் வாங்கினாய். கடைசி இணைப்புப் போட்ட வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். அது வேலை செய்வதைப் பார்க்கக்கூட இருக்கவில்லையே, என்னடா அவசரம்?

செவ்வாய் சாயங்காலம் உன் மகள் ரிஸ்வானா கூப்பிட்டாள். காலையில் ஓசூர் வீட்டிலிருந்தே வீடியோவில் வேலைக்கான இண்டர்வியூ முடித்தாளாம், சென்னைக் கம்பெனிக்கு. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கேபிள் அறுந்த அதே நேரம்.

"நடுவுல எங்கியாச்சும் கட் ஆச்சா பாப்பா?"

"இல்லியே மாமா. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை மாப்ள, உன்னை நினைத்த பெருமையில்.

ஒரு வாக்குத் தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வானாவை வேப்பனப்பள்ளிக்குக் கூட்டிப் போவேன். அன்றைக்கு அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவள் அத்தா போட்ட பாதையில்தான் போனது என்று அந்த மண்ணில் நிற்கவைத்துச் சொல்வேன்.

ரிஸ்வானாவுக்கு மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
முருகேசன்