மாட்டுக்கு ஏது விசுவாசம்?

மாசி, செவ்வாய்க்கிழமை.

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்த நாள் முதல் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி. இன்று பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். வலி போகவில்லை. உடனே, "இவருக்கு விசுவாசம் பத்தலீங்கம்மா. மாத்திரைய நம்புறவருக்குக் கர்த்தர் எப்படீங்க சுகம் குடுப்பாரு?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் ஜெபித்ததும் சோளக்காடு என்கிற பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் படுத்துக் கிடந்த மாடு எழுந்து நின்றதை வாராவாரம் சபையில் சொல்கிறவர் இவர்தான். "ஏனுங்க பாஸ்டர், அந்த மாடு எந்தச் சபைக்குப் போயி விசுவாசிச்சதுங்க?" என்று கேட்டேன். காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

பாஸ்டர் போனதும் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். "தப்பு எம்மேலதான் புள்ள. இனி மாத்திரை வேண்டாம்" என்றார். வலியில் கிடக்கிற மனுஷனிடம், வலிக்கும் நீதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக எப்படித்தான் மனசு வருகிறதோ!

மாட்டுக்குத் தவிட்டில் மருந்து கலப்பதுபோல, மாத்திரையை நுணுக்கிச் சாமைக் கஞ்சியில் கலந்து கொடுத்தேன். தெரியாமல் குடித்தார்.

இப்போது கூப்பிட்டுச் சொல்கிறார்: "வலி கொறஞ்சிருச்சு புள்ள! இன்னிக்குத்தான் முழுசா விசுவாசிச்சேன். ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லப்போறேன்." பாஸ்டருக்குப் போனும் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் அவர் போடும் ஸ்தோத்திரம் அடுப்படி வரை கேட்கிறது.

நாளைக்குச் சோளக்காடு போக வேண்டும். அந்த மாட்டுக்காரம்மா அன்றைக்குத் தவிட்டில் என்ன கலந்தாள் என்று கேட்க வேண்டும்.