மணலி மெடிக்கல் கடையில் அடித்த ஆணி

வியாசர்பாடி
8-2-2004, ஞாயிறு

அன்பு மகன் பாரிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் மகிழினியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் சார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இரு. மனசைப் பற்றி நீயும் கேட்க வேண்டாம், நானும் கேட்கவில்லை. எப்போதும் நான் சொல்லச் சொல்ல மகிழினிதான் எழுதுவாள். இதை அவள் வகுப்புக்குப் போன நேரத்தில் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற கை, எழுத்து ஏறி இறங்கித்தான் இருக்கும், நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பக்கத்து வீட்டு ஜெரினாவின் போனில் கத்தினது கீழ்வீடு வரைக்கும் கேட்டது. பாவம் ஜெரினா, நான் சங்கடப்படுவேன் என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். பெண் பார்க்க வந்தவர்களை உன் மகள் அசிங்கப்படுத்தினாள், நானும் கூடச் சேர்ந்து பேசினேன் என்று உன் போர்மேன் கருணாகரன் சொன்னானாம், நீ நம்பிவிட்டாய். நடந்தது இன்னது என்று நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுசாகக் கேள்.

கருணாகரனின் தங்கச்சி தேவப்பிரியம், அவள் மகன் பாஸ்கர், இன்னும் ரெண்டு பேர், தட்டும் பூவுமாக ஆட்டோவில் வந்தார்கள். நீ அனுப்பின பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பெண் காப்பி கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தார்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. காப்பியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு தேவப்பிரியம் கேட்ட முதல் வார்த்தை, சர்ட்டிபிகேட்ட எடுத்தாம்மா பாக்கலாம் என்பதுதான். அப்புறம் என் பக்கம் திரும்பி, “மணலில லாரி போற ரோட்டு மேலயே மெடிக்கலுக்கு கட புட்ச்சாச்சு பெரிம்மா, கண்ணாடி அலமாரி வந்துட்ச்சு, பிரிட்ஜு வந்துட்ச்சு, சுவத்துல ஆணி கூட அட்ச்சி வெச்சிக்கீறோம், உன் பேத்தி சர்ட்டிபிகேட்ட மாட்னா லைசென்ஸு கைக்கு வந்துடும்” என்றாள். பாரி, பெண்ணுக்கு வளையல் அளவு கேட்டு வருவார்கள், ரவிக்கை அளவு கேட்டு வருவார்கள். ஆணி அடித்துவிட்டு வந்தவர்களை என் வயசுக்கு இப்போதுதான் பார்க்கிறேன்.

மகிழினி குரலை உயர்த்தவே இல்லை. “ஆன்ட்டி, நான் படிக்கறது சமுதாயக் கல்லூரில ஒரு வருஷ கோர்ஸு. மருந்துக்கடையில உதவிக்கு நிக்கற வேல. இத மாட்னா லைசென்ஸ் தரமாட்டாங்க, அதுக்கு டிப்ளமா முடிச்சிருக்கணும்” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசினது. இதில் எந்த வார்த்தை அசிங்கம் என்று நீயே சொல்லு. பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான், அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் அம்மாதான் எழுந்து நின்று, “இன்னா பெரிம்மா இது, பெரிய படிப்புன்னு உம்புள்ள எங்கண்ணங்கிட்ட அளந்துக்கீறாரு, இது மாத்திர எண்ணிக் குடுக்கற பொண்ணா” என்றாள். அதற்கு நான் சொன்னேன், ஆமாம்மா, எண்ணித்தான் குடுக்கும், எண்ணாம குடுத்தா வாங்கினு போறவன் செத்துருவான் என்றேன். நான் பேசினது இதுதான். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அவள் என்ன படிக்கிறாள் என்று சேர்ந்த அன்றைக்கே உனக்கு எழுதினாள். டாக்டர் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், எந்த மருந்து பிரிட்ஜில் இருக்க வேண்டும், காலாவதி தேதி கிட்டத்தில் வருவதை எப்படி முன்னால் அடுக்க வேண்டும், எல்லாம் எழுதினாள். நீ அதில் மருந்து என்கிற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போய் போர்மேனிடம் பெருமை அடித்திருக்கிறாய். பெருமை எனக்கும் உண்டு, இந்த பிளாக் முழுக்க என் பேத்தி மருந்துக்குப் படிக்கிறாள் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதை வைத்து நான் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. உனக்குக் கருணாகரன் சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னதை ஜெரினாவின் தம்பி தவ்ஃபீக் அங்கிருந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உன் வாயால் வரவில்லை.

சரி, சம்பந்தம் முறிந்தது, போகட்டும் என்று இருந்தேன். இப்போது திரும்பவும் பேசி முடித்துவிட்டாயாம், முந்தாநாள் தவ்ஃபீக்கை விட்டுப் போனில் சொல்லவைத்தாய். எவனோ ஒருவனுடைய சர்ட்டிபிகேட்டை மாத வாடகைக்கு வாங்கி அந்த ஆணியில் மாட்டுவார்களாம், மகிழினி மருமகளாகப் போய்க் கடையில் நின்று மருந்து கொடுப்பாளாம், கூலியில்லாத ஆள். பங்குனி முதல் வியாழக்கிழமை டோல்கேட் மண்டபத்தில் நிச்சயம், நீ லீவில் வருகிறாய், அதற்குள் பிஸிக்ஸ் வகுப்பை நிறுத்திவிட வேண்டும், மாத்திரை கொடுக்கிறவளுக்கு பிஸிக்ஸ் எதற்கு என்று கேட்டாயாம். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். “ஆயா, சுவத்துல வேற ஒருத்தர் பேரு தொங்கினு இருக்கும், மருந்து மாறிப் போச்சுன்னா போலீஸ்ல மாட்டிக்கினு நிக்கப் போறது நானு, நைனாவுக்கு இது தெரியாதா” என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். உனக்காகச் சொன்ன பொய் அது.

பிஸிக்ஸ் எதற்கு என்று கேட்டாய் அல்லவா, நான் சொல்கிறேன். பிளஸ் டூவில் பிஸிக்ஸ் பாஸ் பண்ணினால்தான் அந்த டிப்ளமாவுக்கு விண்ணப்பமே வாங்க முடியும். மற்ற பாடமெல்லாம் பாஸ், அந்த ஒன்று மட்டும் ஏன் நின்றது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. அந்தப் பரீட்சை அன்றைக்குக் காலையில்தான் செங்கொடியை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்தினோம். பெண் யூனிபார்ம் போட்டு, பேனாவில் மை நிரப்பி, கிளம்பி நின்றவள், அப்படியே அவள் அம்மா காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நீ வரவில்லை. பொண்டாட்டியை எடுக்க லீவு கொடுக்காதவன் இதே கருணாகரன். அவன் தங்கச்சி மகனுக்கு என்றதும் லீவு கிடைக்கிறது. நீயும் அதை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்கிறாய்.

அம்மா போன பிறகு ஒரு வருஷம் அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், நீ அதைப் பார்க்கவில்லை. இந்தக் கல்லூரிக்குப் போனபிறகுதான் வீட்டில் பேச்சுச் சத்தமே வந்தது. பகலில் மருந்து, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பிஸிக்ஸ். பொங்கல் லீவில் ஒரு இரும்பு நட்டை நூலில் கட்டி மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டு, ஆட்டிவிட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு மாசானம், இன்னாம்மா, திருஷ்டிக்கா என்று கேட்டான். பிஸிக்ஸுக்கு மாமா என்று இவள் சொன்னாள். பிஸிக்ஸ் என்றால் என்ன திருஷ்டி என்று அவன் நினைத்தானோ, மறுநாள் அவன் வாசலிலும் ஒரு நட்டு தொங்கியது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள் பாரு, செங்கொடி போனபிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதை நிறுத்து என்று எனக்குச் சொல்கிறாய்.

நிறுத்தமாட்டேன். நீ தேதி வைத்த அந்த வியாழக்கிழமைதான் அவளுக்கு பிஸிக்ஸ் பரீட்சை. ஹால் டிக்கெட் வந்தால் பத்திரமாக இருக்க என் தீப்பெட்டிக் கம்பெனி பென்ஷன் காகிதத்தோடு வைத்துவிடுவேன். அன்றைக்குக் காலையில் அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், முடிகிற வரைக்கும் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பேன். டோல்கேட் மண்டபத்தில் நீ நின்றால் நீ மட்டும்தான் நிற்பாய். அவளைக் கேட்காமல் நீ கொடுத்த வாக்கை அவள் காப்பாற்ற வேண்டியதில்லை. சூப்பர்வைசர் வேலை போனால் போகட்டும், ஹெல்ப்பர் வேலையில்தான் நீ இவ்வளவு நாள் எங்களுக்குச் சோறு போட்டாய், அந்தச் சோறு எனக்கு உடம்பில் ஒட்டியது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, ரெண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். நீ நல்லா இருக்க வேண்டும், புத்தர் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொண்டு போய் யாருக்கு வேண்டுமோ கொடு. அவள் உன்னிடம் கேட்டது புடவை இல்லை, பரீட்சைக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு வாட்ச். ரெண்டு தடவை கேட்டாள், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது ஜெரினா தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். பரீட்சை காலை பத்து மணிக்கு. மறந்துவிடாதே.

இப்படிக்கு
மகிழினியின் ஆயா
மலர்க்கொடி