நான் கேட்ட சுயவிமர்சனம்

இன்று காலை எலுமிச்சை மார்க்கெட் சுவரில் உன் முதலாண்டு நினைவஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கூலி உயர்வுப் போராட்டம் ஜெயித்த மறுநாள், லோடுமேன்கள் எல்லாரும் குற்றாலம் போய் ஐந்தருவியில் குளித்தோமே, அன்றைக்கு எடுத்த படம். தலைகூடத் துவட்டாமல் நீயும் நானும் சேர்ந்து நின்றது. உங்கள் சங்கத்துக்காரர்கள் என்னை வெட்டி எறிந்துவிட்டார்கள். உன் தோளில் என் கை மட்டும் யார் கையென்று தெரியாமல் கிடக்கிறது. வெட்டக்கூடத் தெரியாத பயல்கள்!

தலைச்சுமை வேலையில் ஒருவன் தனியாக மூடையை ஏற்ற முடியாது. ஏற்றிவிட எதிரே ஒருத்தன் வேண்டும். பதினெட்டு வருசம் எனக்கு நீ, உனக்கு நான். நான் குனிவதற்குள் மறுமுனையைப் பிடித்திருப்பாய். "லே, மூச்சப் புடிச்சுக்கோ" என்பாய். வேறு பேச்சே தேவைப்பட்டதில்லை.

அப்புறம் நம் கட்சி உடைந்தது. தேர்தலில் யாரோடு சேர்வது என்று மேலே இருக்கிறவர்கள் முட்டிக்கொண்டார்கள். இங்கே புளியங்குடியில் நம் சங்கம் ரெண்டாயிற்று. கூட்டணி சரி என்ற பக்கம் நீ போனாய். போ, அது உன் இஷ்டம். ஆனால் எதிர்ச் சங்கத்துக்காரன் மூடைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று உங்கள் கமிட்டி சொன்னதே, அதற்கும் தலையாட்டினாயே! மறுநாள் நான் மூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு லாரிப் பக்கம் நடந்தாய். வீம்புக்கு நானே தூக்கினேன். அன்றைக்கு நடுமுதுகில் பிடித்த பிடிப்பு இன்னும் விடவில்லை.

ஒன்பது வருசம் பேச்சில்லை. டீக்கடைக்குள் நீ இருந்தால் நான் தெருவில் நின்று குடித்தேன். கொள்கைப் பிடிப்பாம்! தூ!

போன வருசம் உன் வீட்டுக்காரி என்னைத் தேடி வந்தாள். நீ தென்காசி ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னாள். "அண்ணாச்சி, அவுக ஒங்களப் பாக்கணும்ங்காக. இனி தேறாதுன்னு டாக்டரு சொல்லுதாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நம் கட்சியில் தப்புச் செய்தவன் தன் தப்பைத் தானே எழுதிக் கமிட்டியில் கொடுப்பானே, சுயவிமர்சனம், அதைக் கேட்டேன். "மொதல்ல அவன எழுதித் தரச் சொல்லு தாயி. கை குடுக்காமப் போனது தப்புன்னு எழுதட்டும். அடுத்த பஸ்ஸுல வாரேன்." சாகக் கிடக்கிறவனிடம்! அவள் "நீங்கல்லாம் மனுசங்கதானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நீயும் லேசுப்பட்டவனா? பதினோராவது நாள் செத்துப் போனாய். பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்தபின் அவள் வந்து ரெண்டு தாளை என் முன்னால் போட்டாள். "இன்னும் எழுதி முடிக்கலன்னு தலகாணிக்கு அடியிலயே வச்சிருந்தாக" என்றாள். படித்தேன். பக்கம் பக்கமாகக் கூட்டணி ஏன் சரி என்ற வாதம். அடப்பாவி! மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு எனக்கு வகுப்பு எடுத்திருக்கிறாய். கை கொடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் மட்டும் கோணல்மாணலாக: "என் நிலைப்பாடு சரிதான். இருந்தாலும் வா லே."

அதற்குப் பதில் எழுத ஒரு வருசமாக உட்காருகிறேன். உன் ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் மறுப்பு இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல? என் சங்கத்தில் இருக்கிறவர்கள் நான் வாயைத் திறந்தாலே ஆமாம் போடுகிறார்கள். எதிர்த்துப் பேச உனக்குத்தான் தெரியும். நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. இதைத் தணித்துக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

உன் நிலைப்பாடு தப்பு. இப்போதும் தப்புதான். கை கொடுக்காமல் போனது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் உனக்காவது கமிட்டி உத்தரவு போட்டிருந்தது. தென்காசிக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். என்னை எந்தக் கமிட்டியும் தடுக்கவில்லை. நான்தான் வரவில்லை.